மிச்சம் பிடித்த தண்ணீர்

ஜூன் 14

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். நீ கடிதம் போட்டு எத்தனை மாதமாகிறது? அக்கா இருக்கிறாளா போய்விட்டாளா என்றுகூடக் கேட்கத் தோன்றவில்லையா?

என் சுற்றுச்சூழல் பாடத்தை எல்லாத் துறைகளுக்கும் வைக்கக் கல்லூரி முதல்வர் சம்மதித்துவிட்டார். "வகுப்புல பேசினா மட்டும் போதாதும்மா, வளாகத்துல ஏதாவது செஞ்சு காட்டுங்க" என்றார். என் வகுப்புப் பிள்ளைகள் விடுதியில் ஒழுகும் குழாய், வழியும் தொட்டி என்று ஒன்று விடாமல் சரிசெய்துவிட்டார்கள். தண்ணீர்ச் செலவு பாதியாகிவிட்டது. முதல்வருக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்த வருஷம் உன் மகளை இங்கேயே சேர்த்துவிடு. அந்த வாயாடி என்னோடு தங்கட்டும். தனியாக உட்கார்ந்து சாப்பிட்டு அலுத்துவிட்டதடா.

அன்புடன்,
அக்கா

ஜூலை 3

அன்புள்ள அக்காவுக்கு,

தப்புதான், கோபித்துக்கொள்ளாதே. வாயாடி இன்னும் பெட்டி கட்டாததுதான் பாக்கி. "அத்தை காலேஜ்னா போறேன், இல்லன்னா படிப்பே வேணாம்" என்று வீட்டை இரண்டு பண்ணுகிறாள்.

எனக்கு ஒரு சந்தேகம். ஒழுகிய தண்ணீரெல்லாம் இத்தனை வருஷமாக எங்கே போனது? விடுதிக்குப் பின்னால் நீ வகுப்பெடுப்பாயே, அந்த மரங்களுக்கா?

அன்புடன்,
தம்பி

செப்டம்பர் 20

அன்புள்ள தம்பிக்கு,

உன் வாய்முகூர்த்தம் பலித்துவிட்டது. அந்தத் தண்ணீரில்தான் மரங்கள் நின்றிருக்கின்றன. மழையும் ஏமாற்றிவிட்டது, இலையெல்லாம் கொட்டிவிட்டது. படித்தவளுக்கு இது தோன்றவில்லையே.

கொஞ்சம் தண்ணீர் விடச் சொல்லி முதல்வரிடம் நடையாய் நடந்தேன். "மிச்சம் பிடிச்ச கணக்க விருதுக்கு அனுப்பியாச்சும்மா. இப்ப மீட்டர் ஏறினா மானம் போயிடும்" என்கிறார். பிள்ளைகள் குளித்த தண்ணீரை வாளியில் சுமந்து ஊற்றினார்கள். படியெல்லாம் ஈரமாகிறது என்று விடுதிக் காப்பாளர் அதையும் நிறுத்திவிட்டார்.

அக்கா

மார்ச் 9

அன்புள்ள தம்பிக்கு,

வாயாடிக்கு விண்ணப்பம் கேட்டு எழுதியிருந்தாய். நான் அனுப்பவில்லை.

விருது கிடைத்துவிட்டது. பட்டுப்போன மரங்களை வெட்டி, அங்கே வண்டிகளை நிறுத்துகிறார்கள். அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். நேற்று விடைத்தாள் திருத்தினேன். நம் வளாகத்தில் தண்ணீர் எவ்வாறு சேமிக்கப்பட்டது என்பது கேள்வி. எல்லோரும் சரியாக எழுதியிருக்கிறார்கள். மரங்களைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை, வாளி சுமந்தவர்கள்கூட. அவர்களில் ஒருத்தியைக் கூப்பிட்டுக் கேட்டேன். "நீங்க குடுத்த நோட்ஸ்ல அது இல்லையே மேடம். எழுதினா மார்க் போயிடும்ல" என்றாள். அவள் சொன்னது நிஜம். நோட்ஸில் மரங்களைப் பற்றி இருந்ததை முதல்வர் எடுத்துவிடச் சொன்னார், நான் எடுத்துவிட்டேன். அத்தனை பேருக்கும் முழு மதிப்பெண் போட்டேன்.

வாயாடியை வேறெங்காவது சேர்த்துவிடு. அவள் வருவாள் என்ற நினைப்பில்தான் இந்த வருஷத்தை ஓட்டினேன். இருந்தாலும் வேண்டாம். இங்கே வந்தால் அவளும் ஒருநாள் மரங்களை விட்டுவிட்டு எழுதுவாள். நானும் முழு மதிப்பெண் போடுவேன்.

அக்கா