கம்பி அறையும் ஐந்தாவது டாக்டரும்

ஐப்பசி 10, திங்கள்

விடியற்காலையிலிருந்து மழை. மருந்தறைக் கூரை இரண்டு இடத்தில் ஒழுகல். ஜெர்மன் சண்டை முடிந்து ஒரு வருஷமாகியும் தகரம் வரவில்லை. கேட்டால் கப்பல் இல்லையாம்.

புது டாக்டர் வந்து சேர்ந்தார். பண்டாரவளையில் ரயில் இறங்கி, அங்கிருந்து மாட்டு வண்டி, முழங்கால் வரை சேறு. செல்லையா என்று பெயர், யாழ்ப்பாணத்துப் பிள்ளை. வயது இருபத்தைந்துக்குள். மூன்று மாதம் எங்கள் ஆஸ்பத்திரியில் புத்தி பேதலித்த கேஸ்கள் பார்த்துப் பழக வேண்டும் என்று உத்தரவு.

கம்பி அறையைக் காட்டினேன். சட்டத்தில் அதற்கு வேறு பெயர். தேயிலைத் தோட்டங்களிலிருந்து கொண்டுவந்து விடுகிறவர்களைப் பத்து நாள் வைத்துப் பார்க்க வேண்டும். சின்ன டாக்டர் ஒரு கையெழுத்து, பெரிய டாக்டர் துரை ஒரு கையெழுத்து. இரண்டும் விழுந்தால் கொழும்புப் பைத்திய ஆஸ்பத்திரி. போனவர்கள் திரும்பி வந்ததாக எனக்கு அதிகம் நினைவில்லை.

பழக்க வேண்டியவர் பெரிய டாக்டர். அவருக்கு டென்னிஸ் இருக்கிறது. ஆகவே அந்த வேலை அப்போதிக்கரி என் தலையில். பதினாறு வருஷம் மருந்து கலக்கியவன் ஐந்தாவது டாக்டரை உருவாக்கப் போகிறேன். முன்னால் நால்வர். அதில் ஒருவர் போன மாதம் பண்டாரவளை ஸ்டேஷனில் என்னைக் கண்டதும் கடிகாரத்தைப் பார்த்தார். காய்ச்சல் பிதற்றலுக்கும் பைத்தியத்துக்கும் வித்தியாசம் அவருக்கு யார் சொல்லிக் கொடுத்ததாம்?

அண்ணன் கடையிலிருந்து தீபாவளி அதிரசம் மிச்சம் வந்தது. கருங்கல்.

ஐப்பசி 11, செவ்வாய்

மழை விட்டு மூட்டம். பாடம். வழக்கமான பட்டியல்:

1. நின்றுகொண்டு கேள்வி கேட்கக் கூடாது. நிற்கிறவன் துரை. துரையிடம் யாரும் மெய் பேசுவதில்லை.

2. பெண்களிடம் புருஷன் பெயர் கேட்கக் கூடாது. சொல்ல மாட்டார்கள். ‘ஞாபகம் இல்லை’ என்று எழுதிவிடக் கூடாது. (இரண்டாம் டாக்டர் எழுதினார். மூன்று பெண்கள் கொழும்புக்குப் போனார்கள்.)

3. தேதி, வருஷம் கேட்டுப் பயனில்லை. தோட்டத்தில் அரிசி என்றைக்குப் போடுவார்கள் என்று கேட்க வேண்டும்.

4. முனியாண்டியைக் கண்டேன் என்றால் நோயல்ல. முனியாண்டி கணக்கப்பிள்ளையை வெட்டச் சொன்னார் என்றால் யோசிக்கலாம்.

5. சொல்வது மெய்யா என்று ஊர்க்காரர் ஒருவரைக் கேட்க வேண்டும். அதே ஊரில் பிறந்தவர்.

சின்ன டாக்டர் (இனி சி.டா.) எல்லாவற்றையும் அழகான கையெழுத்தில் எழுதிக்கொண்டார். “பெரட்டு, பெரட்டு எண்டு சொல்லுறீங்கள். அது என்ன?”

“காலையில ஆளுகளைப் பேர் கூப்பிடறதுங்க.”

தமிழனுக்குத் தமிழ் சொல்லிக் கொடுப்பதும் என் உத்தியோகத்தில் சேர்த்தி. ஆனாலும் பிள்ளை கவனமாகக் கேட்கிறது. முன்னவர்கள் கொட்டாவி விட்டார்கள்.

ஐப்பசி 12, புதன்

அபின் பழகிய கிழவர் ஒருவர், கம்பி அறையில் நான்கு நாளாக. சி.டா. நாடி பார்க்கக் கையைப் பிடித்தார். கிழவர் கடித்துவிட்டார். பல் இல்லாத வாய்தான். இருந்தும் டாக்டர் வெளியே போனவர் திரும்பவில்லை. விறகுக் கொட்டகைக்குப் பின்னால் நின்று அழுதுகொண்டிருந்தார்.

காப்பி கொண்டுபோய்க் கொடுத்தேன். முகம் கழுவச் சொன்னேன்.

“நான் இந்த வேலைக்குச் சரிவரமாட்டன் போல.”

“மூணாம் நாள் எல்லா டாக்டரும் சொல்றதுதான் தம்பி இது. நாலாம் நாள் சொல்ல மாட்டாங்க.”

சிரித்தார். தன் தாய்க்கும் நரம்புக் கோளாறு, அதனால்தான் இந்தப் பக்கம் வந்தேன் என்றார். எனக்கு மனசு இளகிப்போய்விட்டது. சொந்தத் தம்பிபோல் இருந்தது. இவர் தேறுவார்.

சோப்பு வாங்க வேண்டும். புண் கட்டும் லிண்ட் துணி தீர்ந்தது.

ஐப்பசி 13, வியாழன்

தேறிவிட்டார். ஒரே நாளில்.

கிழவர் கேஸை நான் கேஸ் புத்தகத்தில் அரைப் பக்கம் எழுதி வைத்திருந்தேன். அதைச் சி.டா. சிவப்பு மையால் திருத்தி, பெரிய டாக்டர் (பெ.டா.) முன்னால், இரண்டு வார்டுக்காரர்களும் நிற்க, உரக்க வாசித்தார். துரை சிரித்தார். துரை சிரித்தால் இவருக்கும் சிரிப்பு வந்துவிடுகிறது.

“அப்போதிக்கரியின்ர இங்கிலீசும் மருந்து மாதிரித்தான் சேர். குலுக்கிப்போட்டுத்தான் வாசிக்க வேணும்.”

நேற்று என் கையால் காப்பி குடித்த வாய். வார்டுக்காரர்கள் சாயங்காலம் வரை ஒருவரையொருவர் பார்த்துக் குலுக்கிக் காட்டிக்கொண்டார்கள்.

நல்லது. இனிப் பட்டியலில் உள்ளதுதான். பட்டியலில் இல்லாத ஒன்றும் என் வாயிலிருந்து வராது.

ஐப்பசி 14, வெள்ளி

மறுபடி மழை. நமுனுகுல மலைச் சரிவில் உள்ள தோட்டமொன்றிலிருந்து ஒரு பெண். கொண்டுவந்தவர் பெரிய கங்காணி ரெங்கசாமி. தோட்டத்துத் துரையின் கடிதமும் கூட. பெயர் முத்தாயி, வயது முப்பது, புருஷன் இல்லை, பெண் குழந்தை ஒன்று, நாலு வயது. குழந்தை தோட்டத்து லயத்து வீட்டில்.

கங்காணி சொன்னது: “கிறுக்கு முத்திப்போச்சுங்க. பெரட்டுல முத்தாயின்னு கூப்பிட்டா, ‘அவ செத்துட்டா, வேற பேரக் கூப்பிடு’ங்கிறா. போன வாரம் கணக்கப்பிள்ளை கையில இருந்த செக்ரோல, அந்தப் பேர்ப் புத்தகத்தப் பிடுங்கிக் கிழிச்சுட்டா. இவ செத்துட்டாளாம், இவளே சொல்றா. கேட்டீங்களா இந்தக் கூத்த?”

அவள் தலையைக் குனியவில்லை. கம்பி அறைக்குள் தானாக நடந்து போய் உட்கார்ந்தாள். என் பதினாறு வருஷத்தில் அப்படி யாரும் போனதில்லை.

ஐப்பசி 15, சனி

காலை மருந்து கொடுக்கப் போனேன். உட்கார்ந்தேன். பேசினாள். தெளிவாக, தண்ணீர் கேட்கிற குரலில்.

“நானு பேச்சியம்மாங்க. முத்தாயி எங்க பெரியப்பா மக. ஊர்ல இருந்து ஒண்ணாத்தான் கெளம்புனோம். கப்பலேற மண்டபம் போய்ச் சேர்றதுக்குள்ள அவளுக்குப் பேதியாகி, வழியிலயே போய்ட்டா. நானு கடைசி நாள் சேந்துக்கிட்டவ, எம் பேரு கங்காணியோட ஆள் பட்டியல்ல இல்ல. ‘செத்தவ பேருல ஏறிக்க, பட்டியல்ல ஆளு கொறையக் கூடாது’ன்னு கங்காணி சொன்னாரு. ஏறிட்டேன். அஞ்சு வருசமா முத்தாயின்னு கூப்பிட்டாக, ‘ஏன்’னு கொரல் குடுத்தேன்.”

“இப்ப என்னம்மா வந்துச்சு?”

“எங்க ஆத்தா சாகக் கெடந்து கடுதாசி போட்டுருக்கா. பேச்சியம்மான்னு. இங்க அப்புடி ஆளே இல்லைன்னு கங்காணி திருப்பி அனுப்பிட்டாரு. புதுசா ஊர்ல இருந்து வந்த ஒருத்தரு சொல்லித்தான் தெரியும். அதுக்குள்ள ஆத்தா செத்து நாலு மாசம். அன்னையில இருந்து அந்தப் பேருக்கு ஏன்னு சொல்ல எனக்கு வாய் வரலைங்க.”

பைத்தியமில்லை. ஒரு துளியும் இல்லை. நாக்கு, கண், நாடி, தூக்கம் எல்லாம் சரி. துக்கம். அதற்கு என் அலமாரியில் மருந்து கிடையாது.

சி.டா.விடம் சொல்ல எழுந்து வந்தேன். வராந்தாவில் அவர் வார்டுக்காரனிடம் ஏதோ கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பற்றி இல்லாமலும் இருக்கலாம்.

சொல்லவில்லை.

ஐப்பசி 17, திங்கள்

சி.டா. கேஸ் பார்த்தார். ஒரு குறையும் சொல்ல முடியாது. பெட்டியொன்றை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். புருஷன் பெயர் கேட்கவில்லை. அரிசி போடும் நாள் கேட்டார், சரியாகச் சொன்னாள். பெயர் கேட்டார். பேச்சியம்மா என்றாள். அப்புறம் பேசினாள், பேசினாள். அந்த வேகத்துக்கும் அந்தப் பேச்சுக்கும் அவருக்குப் பாதிகூடப் பிடிபடவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. யாரோ செத்தாள், அவள் பேரில் இவள் இருக்கிறாள், இவ்வளவுதான் பிடிபட்டிருக்கும்.

ஐந்தாம் பாடம். ஊர்க்காரரைக் கேள். ஊர்க்காரர் யார்? கூட்டி வந்த கங்காணிதான் அதே ஊர். தோட்டத்துத் துரையின் கடிதத்துக்குப் பதில் வாங்க வந்திருந்தார். அவரைக் கூப்பிட்டுக் கேட்டார்.

“பொறந்ததுல இருந்து தெரியும் சாமி. முத்தாயிதான். பேச்சியம்மான்னு எங்க ஊர்லயே ஆளு கெடையாது.”

தோட்டத்துச் சனம் அத்தனைக்கும் ஊர்க்காரர் கங்காணிதான். இது எனக்குத் தெரியாதா? பட்டியல் போட்ட புத்திசாலிக்கு?

சி.டா. என்னைப் பார்த்தார். “சரிதானே அப்போதிக்கரி?”

“நீங்க பாத்துச் செய்ங்க” என்றேன்.

எழுதினார். தன் பெயர் குறித்த மாறாட்டம், உயிரோடிருக்கும் தன்னையே செத்ததாகக் கூறுதல், ஆவேசம். சிவப்பு மை இல்லை, கறுப்பு. கீழே ஒரு வரி: அப்போதிக்கரி கற்பித்த முறைப்படி விசாரித்தேன்.

பத்து நாள் முடிய இன்னும் ஏழு நாள். அதில் ஆறாம் நாள் வாயைத் திறப்பேன். எல்லார் முன்னாலும். அன்றைக்குத் தெரியும் எது குலுக்க வேண்டிய மருந்து என்று.

ஐப்பசி 18, செவ்வாய்

நேற்றுப் பிற்பகல் என்னைப் பக்கத்துத் தோட்டமொன்றுக்குக் காய்ச்சல் பார்க்க அனுப்பினார்கள். இன்று பத்து மணிக்குத் திரும்பினேன். கம்பி அறை திறந்து கிடந்தது. வார்டுக்காரன் சாம்பல் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தான்.

பெ.டா. மொனராகலைப் பக்கம் வேட்டைக்குப் போகிறார், இரண்டு வாரம். போகுமுன் மேசையில் இருந்த காகிதம் அத்தனையிலும் கையெழுத்துப் போட்டிருக்கிறார். பத்து நாளாவது, எண்ணுவதாவது. காலை ஏழு மணி வண்டியில் அவளைப் பண்டாரவளைக்கு ஏற்றிவிட்டார்கள். ரயில் போயிருக்கும்.

“போறப்ப ஏதாச்சும் சொன்னாளா?”

“பொம்பளப் புள்ளைய யாரு பாப்பாகன்னு கேட்டா. வேற ஒண்ணுமில்லீங்க.”

இன்றைக்கு ஒன்றும் சாப்பிடவில்லை. சாப்பிடாததால் யாருக்கு என்ன?

ஐப்பசி 20, வியாழன்

சொல்லிவிட்டேன். மருந்தறையில், கதவைச் சாத்தி. முதலிலிருந்து கடைசி வரை.

சி.டா. கேட்டார்: “நான் எழுதேக்குள்ள உங்களுக்குத் தெரியுமோ?”

“தெரியும்.”

“பிறகேன் சொல்லேல்லை?”

குலுக்குகிற மருந்து என்று சொல்ல வெட்கமாக இருந்தது. இருந்தும் சொன்னேன். முதலில் அவருக்கு நினைவே வரவில்லை. வந்தபோது முகம் செத்துவிட்டது. “அதுக்காகவோ?” என்றார். ஒரே சொல். ஐம்பது வயதுக்காரன் போத்தல்களைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

கொழும்புக்கு எழுத உட்கார்ந்தார். நானும் அறிந்திருந்தேன் என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன் என்றேன். மெய்யாகவே சொன்னேன்.

“உங்கட பேர் வந்தால் உங்களை வேலையால நிப்பாட்டிப்போடுவாங்கள். எனக்குத் தோட்டத்துப் பேச்சு விளங்கேல்லை, பிழை விட்டிட்டன் எண்டு எழுதுறன். அது பொய்யும் இல்லை.”

வாசித்துக் காட்டினார். பிழையில்லாத இங்கிலீசு.

ஐப்பசி 23, ஞாயிறு

நமுனுகுலத் தோட்டத்துக்குப் போனேன். ஊரிலிருந்து புதிதாக வந்த ஆளைக் கண்டுபிடித்துச் சாட்சி கேட்டேன். “எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. நானு கங்காணி ஆளுங்க” என்று ஓடிவிட்டான்.

குழந்தை லயத்தில் அடுத்த காம்பரா வீட்டுப் பெண்ணிடம். மூக்கு ஒழுகிக்கொண்டு கூடைக்குள் உட்கார்ந்திருந்தது. “எங்கம்மா வந்துருச்சா?” என்று என்னைக் கேட்டது. நாளைக்கு என்றேன். அயோக்கியன்.

கார்த்திகை 3, செவ்வாய்

பெ.டா. திரும்பினார். கொழும்புக்குப் போன கடிதத்தின் நகலைப் பார்த்துக் கத்தல். தன் கையெழுத்தையும் சேர்த்துச் சந்திக்கு இழுத்துவிட்டானாம். சி.டா. நின்றபடி கேட்டுக்கொண்டிருந்தார், என் பக்கம் ஒருமுறை கூடத் திரும்பவில்லை. பாடம் பாதியில் நிறுத்தம். மொனராகலைப் பக்கம் காய்ச்சல் வேலைக்கு மாற்றம்.

பெ.டா. என்னிடம்: “அடுத்தவனை நீ இன்னும் கண்டிப்பாகப் பழக்க வேண்டும்.” எஸ் சார் என்றேன். அந்தச் சொல்லை இனி என்னைத் தவிர யாராலும் அவ்வளவு கேவலமாகச் சொல்ல முடியாது.

கார்த்திகை 5, வியாழன்

சி.டா. வண்டியில் ஏறும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். “அவவைப் பற்றிப் பதில் வந்தால் எனக்கு எழுதுங்கோ.” குயினைன் இரண்டு போத்தல் கூடுதலாகக் கட்டிக் கொடுத்தேன். கொடுக்க வேறு என்ன இருக்கிறது.

மார்கழி 16, புதன்

குளிர். கொழும்பிலிருந்து பதில். தங்கள் கடிதப்படி நோயாளியை மூன்று தடவை விசாரித்ததில், தன் பெயர் முத்தாயி என்றே சொல்கிறாள், வேறு பெயர் எதுவும் அறியாள். கூப்பிட்ட குரலுக்கு உடனே வருகிறாள். நல்ல குணம் தெரிகிறது. தங்களிடத்துச் சிகிச்சையே இதற்குத் தொடக்கம் எனக் கருதுகிறோம்.

பெ.டா.வுக்கு மகா சந்தோஷம். பதிலைச் சட்டம் போட்டு மாட்டாததுதான் குறை.

மொனராகலைக்குச் சி.டா.வுக்கு எழுத உட்கார்ந்து மூன்று காகிதம் கிழித்தேன்.

தை 8, புதன்

வெயில். அவளைத் தோட்டத்தில் ஒப்படைக்க இந்த வழியாகக் கொண்டுவந்தார்கள். குணமானவர்கள் இங்கே ஒரு தடவை பதிந்துவிட்டுப் போக வேண்டும். தலை மழித்து இப்போதுதான் முளைக்கிற மயிர். இளைத்துப் பாதி. கங்காணி வாசலில், வெற்றிலை போட்டுக்கொண்டு.

புத்தகத்தைத் திறந்தேன். கதவைச் சாத்திவிட்டு மெதுவாகக் கூப்பிட்டேன். “பேச்சியம்மா.”

சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பேச்சியம்மா. நான்தான். என்கிட்ட சொன்னேல்ல. இங்க வேற யாரும் இல்ல.”

“முத்தாயிங்க” என்றாள். “சீக்கிரம் எழுதிக்கிடுங்க சாமி. புள்ளையப் பாக்கணும்.”

எழுதினேன். முத்தாயி. குணம்.