ரோடு தெரிய வேண்டுமே

இன்று காலை ஒரு புதுக் காருக்குப் பெயின்ட்டைக் காக்கும் நிறமில்லாத ஃபிலிமை வழுக்கவிட்டு ஒட்டுவதற்காகக் குழந்தைகள் ஷாம்புவைத் தண்ணீரில் கலக்கினேன். அந்த வாசனை எழுந்ததும் உன் நினைவு வந்துவிட்டது. நீ போன பிறகும் நம் ராசிபுரம் கடையில் வேலை நிற்கவில்லை என்று உன்னிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது.

வெறும் வாட்டர் வாஷ் கடையாக இருந்தபோது, ஜல்லி லாரிகளுக்குப் பின்னால் போய், கல் பட்டுப் பெயின்ட் பெயர்ந்த கார்கள் நிறைய வரும். அதைத் தடுக்கும் ஃபிலிமை ஒட்டச் சேலத்தில் கற்றுத்தருகிறார்கள் என்றதும், "நானும் வாரேனுங்க" என்று கிளம்பினாய். அங்கே நீ ஒருத்திதான் பெண். பம்பர் வளைவில் நான் ஒட்டியது குமிழ் குமிழாக நின்றது. நீ ஒட்டியது தோல் போலப் படிந்தது. "ஊட்டுக்காரம்மாவா ஒட்டுவாங்க?" என்று தயங்கியவர்களிடம், "அவங்கதானுங்க ஒட்டுவாங்க" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன்.

தம்மம்பட்டிப் பக்கத்து வாத்தியார் வந்தது நினைவிருக்கிறதா? நடக்க முடியாதவர். பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டரில் பள்ளிக்கூடம் போய்வந்தார். காய்ந்த துணியால் தூசியைத் துடைத்துத் துடைத்து, வண்டியின் பிளாஸ்டிக் முன்கண்ணாடி கீறல் விழுந்து வெளுத்துப் போயிருந்தது.

"வெயில் எதுக்க அடிச்சா ஒண்ணும் தெரியலைங்க. பிள்ளைங்க மேல ஏத்திருவேனோன்னு பயமா இருக்கு. இந்த அளவுல புதுசும் கிடைக்கல" என்றார்.

நான் உதட்டைப் பிதுக்கினேன். நீ குனிந்து பார்த்தாய்.

"ஏனுங்க, ஓரத்துல கொஞ்சம் தேய்ச்சுப் பார்க்கட்டுங்களா?"

தன் பெரிய காருக்காகக் காத்திருந்த இன்னொருவருக்குக் கோபம் வந்துவிட்டது. "என் வண்டியை உட்டுட்டு இதையா பார்க்கறீங்க?"

நீ குரலை உயர்த்தவில்லை. "உங்க வண்டிக்கு ஃபிலிம் அழகுக்குத்தானுங்கண்ணா. அவருக்கு ரோடே இந்தக் கண்ணாடிலதானுங்க தெரியோணும்."

அவர் திரும்பிப் போய் உட்கார்ந்தார். நீ தூசியைக் கழுவினாய், மெல்லிய உப்புத்தாளை நனைத்துத் தேய்த்தாய், பாலிஷ் போட்டாய், மேலே ஃபிலிமை ஒட்டினாய். வாத்தியார் சாயங்கால வெயிலைப் பார்த்து ஒரு சுற்றுப் போய் வந்தார். "எதுக்க வர்றவங்க மூஞ்சியே தெரியுதும்மா" என்றார். கோபப்பட்டவர் எழுந்து வந்து அந்தக் கண்ணாடியைத் தடவிப் பார்த்தார். "என் வண்டியையும் நீங்களே பண்ணுங்க. நாளைக்குக் கொடுத்தாப் போதும்" என்றார்.

நோய் உன்னைக் கொண்டுபோனபோது அவர்கள் இருவருமே வந்திருந்தார்கள்.

இப்போது ஒட்டுகிற வேலையை இரண்டு பெண்கள் செய்கிறார்கள். அவர்களைப் பார்த்து யாரும் தயங்குவதில்லை. எந்த வண்டி வந்தாலும் நான் முதலில் பெயின்ட்டைப் பார்ப்பதில்லை. ஓட்டுபவர் இடத்தில் உட்கார்ந்து, வெளியே என்ன தெரிகிறது என்று பார்க்கிறேன். ஏன் என்று கேட்பவர்களிடம், "எங்க ஊட்டுக்காரம்மா பழக்கமுங்க" என்கிறேன்.