சக்கரக் கதிரை வேண்டாம் என்ற அம்மாவுக்கு

பார்க்டேல், ரொறன்ரோ
பங்குனி 8

என் அம்மாவுக்கு,

செரீனா எழுதுகிறேன். நான் சுகமாக இருக்கிறேன். நீங்களும் உங்கள் வலது முழங்காலும் சுகம்தானே? முழங்காலைத் தனியாக விசாரிப்பதற்குக் காரணம் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஒவ்வொரு நாளும் போனில் முகம் பார்த்துக் கதைக்கிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். போனில் நான் எதைச் சொன்னாலும் "ஓம் ஓம், விளங்குது" என்கிறீர்கள். அடுத்த நாள் கேட்டால், "எல்லாத்தையும் றொய்சனிட்டைச் சொல்லு, அவன் பாப்பான்" என்கிறீர்கள். மாமாவின் மகன் நல்லவன்தான். ஆனால் அவன் கட்டுநாயக்கா விமான நிலைய வாசலோடு நின்றுவிடுவான். அதற்குப் பிறகு நீங்கள் தனி. வியட்நாமில் இறங்கும்போது உங்கள் போன் வேலை செய்யாது, கடிதம் வேலை செய்யும். ஸ்டெபனி அன்ரி வருகிற கிழமை மன்னாருக்குப் போகிறா. அவவிடம் இதையும் முழங்காலுக்குப் போடுகிற உறை இரண்டையும் கொடுத்து விடுகிறேன். கடிதத்தைக் கைப்பையில் வையுங்கள். சூட்கேசுக்குள் வைத்தால் தேவைப்படும் நேரம் அது விமானத்தின் வயிற்றுக்குள் கிடக்கும்.

தாயும் மகளும் சந்திக்க வேறு இடம் கிடைக்கவில்லையோ என்று கோயிலடியில் கேட்டார்கள் என்றீர்கள். அவர்களுக்கு என்ன சொல்வது? கனடா உங்களுக்கு இரண்டு முறை விசா மறுத்துவிட்டது. எனக்கு இந்த நாட்டுப் பாஸ்போட் வந்துவிட்டாலும் நான் அடம்பனுக்கு வருவது புத்தியில்லை. விசாரணைக்கென்று என்னைத் தேடி வீட்டுக்கு வந்தவர்கள் இப்போதும் வருகிறார்களா என்று நான் கேட்பதில்லை, நீங்களும் சொல்வதில்லை. இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி விசா தந்தது வியட்நாம்தான். உயிர்த்த ஞாயிறு முடிந்த கிழமை, பத்து நாட்கள். பதினொரு வருடத்துக்குப் பிறகு பத்து நாட்கள் என்பதை நான் வேறு ஒருவரிடமும் சொல்லவில்லை. சொன்னால் குறைந்துவிடும் போல ஒரு பயம்.

போன ஞாயிறு நாங்கள் இருவரும் கோபித்துக்கொண்டதை முதலில் முடித்துவிடுகிறேன். உங்கள் ரிக்கற்றில் நான் சக்கரக் கதிரை கேட்டுப் போட்டிருந்தேன். எங்கள் ஆட்கள் எல்லோரும் செய்வதுதான். வருத்தத்துக்காக அல்ல. இங்கிலிஸ் தெரியாத தாய் தகப்பன் தனியாகப் பயணம் செய்யும்போது பிள்ளைகள் கதிரை கேட்டு வைப்பார்கள். தள்ளுகிறவர் விமான வாசலில் இருந்து வெளிவாசல் வரை கூட்டிக்கொண்டு போய்விடுவார். யாரிடமும் வழி கேட்கத் தேவையில்லை. நான் கெட்டித்தனம் செய்ததாக நினைத்திருந்தேன். நீங்கள், "எனக்கென்ன காலில்லையோ? அடம்பனிலை இருந்து முள்ளிவாய்க்கால் மட்டும் உன்னையும் இழுத்துக்கொண்டு நடந்தனான். ஒரு எயாப்போட்டை நடக்க மாட்டனோ?" என்றீர்கள். பிறகு குரலைக் குறைத்து, "பொய் சொல்லாதேங்கோ எண்டு எனக்குச் சொல்லிப்போட்டு, நடக்கேலாதவள் மாதிரி இருக்கச் சொல்லுறாய். உதுவும் பொய்தானே பிள்ளை?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தீர்கள்.

கதிரையை நேற்று வேண்டாம் என்று அறிவித்துவிட்டேன். அதற்குப் பதிலாகத்தான் இந்தக் கடிதம்.

கோலாலம்பூரில் விமானம் மாற வேண்டும். அது கஷ்டமில்லை. மூன்று மணி நேரம் இருக்கிறது. சூட்கேசை அங்கே தேட வேண்டாம், அது தானாக வரும். இத்துடன் ஒரு மஞ்சள் தாளும் ஒரு நீலத் தாளும் வைத்திருக்கிறேன். மஞ்சளில், "இந்த அம்மா ஹோ சி மின் நகர விமானத்துக்குப் போக வேண்டும்" என்று இங்கிலிசில் எழுதியிருக்கிறது. சீருடை போட்ட யாரிடமும் காட்டுங்கள். தமிழ் முகமாகத் தெரிந்தால் தமிழிலேயே கேளுங்கள், அங்கே எங்கள் மொழி பேசுகிறவர்கள் நிறையப் பேர் வேலை செய்கிறார்கள். ஆனால் கதை கண்டு விமானத்தை விட்டுவிடாதீர்கள். உங்களை எனக்குத் தெரியும்.

நாங்கள் சைகோன் என்று சொல்வதும் ரிக்கற்றில் இருக்கிற ஹோ சி மின் நகரமும் ஒன்றுதான். ஊர் மாறி இறங்கிவிட்டோமோ என்று பதற வேண்டாம். அந்த விமான நிலையத்தை நானும் கண்ணால் கண்டதில்லை. என்னோடு வேலை செய்கிற லான் என்ற வியட்நாம்காரி அந்த ஊரில் பிறந்தவள். சாப்பாட்டு நேரத்தில் ஒரு துடைக்கும் தாளில் எனக்கு வழி முழுவதையும் கீறிக் காட்டினாள். அதைத்தான் எழுதுகிறேன்.

விமானத்தால் இறங்கியதும் சனத்தோடு சேர்ந்து நடவுங்கள். நீண்ட நடை. ஓடுகிறவர்களைப் பார்த்து ஓட வேண்டாம். வழியில் கழிப்பறை வரும், தேவையில்லாவிட்டாலும் போய்விட்டு வாருங்கள், ஏனென்றால் அடுத்தது குடிவரவு வரிசை. அது சில நேரம் ஒரு மணித்தியாலம் எடுக்கும் என்றாள் லான். வரிசை வளைந்து வளைந்து போகும், உங்கள் முழங்கால் அங்கேதான் சோதிக்கப்படும். கதிரை என்ற பேச்சை நான் இனி எடுக்கவில்லை. ஆனால் உண்மையாகவே நொந்தால் நீலத் தாளின் பின்பக்கத்தைக் காட்டுங்கள். "எனக்குக் கால் நோகிறது, இருக்க ஒரு இடம் வேண்டும்" என்று எழுதியிருக்கிறது. நோகும்போது காட்டினால் அது பொய்யில்லை.

இனி எழுதப் போவதை இரண்டு முறை வாசியுங்கள்.

குடிவரவு அதிகாரி கண்ணாடிக்குப் பின்னால் இருப்பார். சிரிக்க மாட்டார். அது கோபமில்லை, அவருடைய வேலை அப்படி. பாஸ்போட்டையும் விசாத் தாளையும் கொடுங்கள். மூக்குக் கண்ணாடியைக் கழற்றுங்கள். பெரும்பாலும் ஒன்றும் கேட்க மாட்டார்களாம். கேட்டால் நீலத் தாளின் முன்பக்கத்தைக் காட்டுங்கள். "என் பெயர் அன்ரனெற். நான் தையல் வேலை செய்கிறேன். என் மகளைப் பார்க்க வந்திருக்கிறேன். அவள் வெளியே நிற்கிறாள்." அவ்வளவுதான். எல்லாம் உண்மை.

கோபித்துக்கொள்வதற்கு முதல் ஒரு நாள் நீங்கள் றொய்சன் சொல்லித் தந்ததை எனக்கு ஒப்புவித்துக் காட்டினீர்கள். "ஐ ஆம் ரீச்சர். ஐ கம் ரூர். நோ பமிலி." நீங்கள் வாத்தியாராம், சுற்றுலாவாம், குடும்பமே இல்லையாம் என்று நான் விழுந்து விழுந்து சிரித்தேன். போனை வைத்த பிறகு சிரிப்பு வரவில்லை, அடுத்த நாளே பொய் சொல்ல வேண்டாம் என்று உங்களுக்குச் சொன்னேன். விசாவுக்கு நான் உள்ளதைத்தான் எழுதினேன், தையல் என்றும் மகளைப் பார்க்க என்றும். நீங்கள் அங்கே ரீச்சர் என்று சொன்னால் தாளில் ஒன்று, வாயில் ஒன்று. ஒரு அறைக்குள் கூட்டிக்கொண்டு போவார்கள். அடுத்த விமானத்தில் திருப்பி அனுப்பலாம். நான் கதவுக்கு வெளியே, ஏன் இன்னும் வரவில்லை என்று தெரியாமல் நின்றுகொண்டிருப்பேன். எனக்கு இந்தப் பயணத்தில் உள்ள ஒரே பயம் இதுதான் அம்மா.

றொய்சனில் பிழையில்லை. எயாப்போட் என்றால் பாடமாக்கிக்கொண்டு போகிற இடம் என்றுதான் எங்களுக்குப் பழக்கம். எனக்கு அதைப் பழக்கியது நீங்கள். எனக்குப் பத்தொன்பது வயது. ஏஜென்சிக்காரன் கொண்டுவந்த பாஸ்போட்டில் வேறு பெயர், வேறு பிறந்த திகதி. நீங்கள் குசினியில் அரிசி புடைத்துக்கொண்டே திடீரென்று "பேரென்ன?" என்பீர்கள். நான் என் பெயரைச் சொன்னால் சுளகைக் கீழே வைத்துவிட்டு மறுபடி கேட்பீர்கள். மூன்றாம் நாள் காலையில் நித்திரைப் பாயில் வைத்தே கேட்டீர்கள். கண்ணைத் திறக்காமல் அந்த மற்றப் பெயரைச் சொன்னேன். "கெட்டிக்காரி" என்றீர்கள். பிறகு கிணற்றடிக்குப் போய் நெடுநேரம் முகம் கழுவினீர்கள். நான் யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தேன். இதை உங்களிடம் இதுவரை சொன்னதில்லை.

சொல்லாதது இன்னொன்றும் இருக்கிறது. நீங்கள் உண்மை சொல்ல வேண்டும் என்று நான் கேட்கும்போது அதை வைத்துக்கொண்டிருக்க முடியவில்லை.

விமான நிலையத்தில் எனக்கு ஒபிஸ் வேலை என்று ஆறு வருடமாகச் சொல்லி வருகிறேன். ஊருக்கெல்லாம் நீங்களும் அப்படித்தான் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு ஒபிஸ் இல்லை அம்மா. நான் சக்கரக் கதிரை தள்ளுகிறேன். கிப்ளிங் ஸ்ரேசனில் பஸ் எடுத்துப் போய், நீலச் சட்டை போட்டுக்கொண்டு, விமான வாசலில் பெயர்ப் பலகையோடு நிற்கிறவர்களில் நானும் ஒருத்தி. வெட்கமான வேலை இல்லை. இடைவேளையில் வாசிக்க நேரம் கிடைக்கிறது, பையில் எப்போதும் ஒரு புத்தகம் இருக்கும். முதலில் உங்களுக்குச் சொல்லத் தயங்கினேன், பிறகு காலம் போய்விட்டது. எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

கொழும்பில் இருந்து வருகிறவர்கள் என்றால் மேற்பார்வையாளர் என்னைத்தான் அனுப்புவார். ஆறு வருடமாக மற்றவர்களின் அம்மாக்களைத் தள்ளியிருக்கிறேன். கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி இருப்பார்கள். நான் தமிழில் "பயணம் சுகமோ அம்மா?" என்று கேட்டதும் பிடி தளரும். பிறகு சுங்கம் வரை கதைதான். மருமகள் எப்படிச் சமைப்பாள், மகனுக்கு ஸ்ரௌவ்வில்லில் எத்தனை அறை வீடு, எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா, ஆகவில்லை என்றால் ஏன். ஒரு அம்மா எனக்குப் பொருத்தமான பொடியன் ஒஷாவாவில் இருப்பதாகச் சொல்லி அவனுடைய இலக்கத்தையே தந்துவிட்டா. (கூப்பிடவில்லை. நீங்கள் கேட்பீர்கள் என்று முந்திக்கொண்டு சொல்கிறேன்.)

உங்கள் ரிக்கற்றில் கதிரை போட்டதன் காரணம் இதுதான். உங்களுக்கு நடக்க ஏலாது என்று நான் நினைக்கவில்லை. இத்தனை அம்மாக்களை நான் கொண்டுவந்து சேர்த்திருக்கிறேன், என் அம்மாவை யாரோ ஒரு பிள்ளை அந்தக் கவனத்தோடு என்னிடம் கொண்டுவந்து சேர்க்கட்டும் என்று நினைத்தேன்.

ஆனால் நீங்கள் கோபித்த அடுத்த நாள் வேலையில் எனக்கு ஒன்று விளங்கியது. வெளிக்கதவுக்குப் பத்தடி முன்னால் அந்த அம்மாக்களில் அரைவாசிப் பேர், "இதிலை நிப்பாட்டு பிள்ளை, இனி நான் நடந்து போறன்" என்பார்கள். எழும்பிச் சேலையைச் சரிசெய்வார்கள், தலைமயிரைத் தடவுவார்கள், என் தோளைத் தட்டிவிட்டுத் தாங்களாகவே கதவால் போவார்கள். வெளியே நிற்கிற பிள்ளை தங்களைக் கதிரையில் காணக் கூடாது. கதிரை கேட்டு வைத்ததே அந்தப் பிள்ளைதான் என்பது வேறு கதை. இதை எத்தனை நூறு முறை பார்த்திருப்பேன். நீங்களும் அந்த அம்மாக்களில் ஒருத்தி என்று மட்டும் எனக்குத் தோன்றவில்லை.

ஆகவே நடந்து வாருங்கள்.

முத்திரை குத்திப் பாஸ்போட்டைத் தந்ததும் கீழ்த்தளத்துக்கு இறங்குங்கள், அங்கே சூட்கேஸ் வரும். கைபிடியில் உங்கள் பழைய பச்சைச் சீலைத் துண்டைக் கட்டுங்கள், தூரத்திலேயே தெரியும். தூக்க ஏலாவிட்டால் பக்கத்தில் நிற்கிறவரைப் பார்த்தாலே போதும், அவரே தூக்குவார். வெளியே போக முன்னர் எல்லாப் பெட்டிகளையும் ஒரு இயந்திரத்துக்குள் விடுவார்கள். ஒடியல் மா கொண்டு வாருங்கள். கருவாடு வேண்டாம். கனடாவுக்குக் கொண்டு போகச் சொல்லி அயலில் யார் பொதி தந்தாலும் வாங்க வேண்டாம். "இல்லையெண்டு எப்பிடிச் சொல்லுறது" என்பீர்கள். செரீனா கத்துவாள் என்று சொல்லுங்கள். பழியை என் மேல் போடுங்கள், நான் தூரத்தில் இருக்கிறேன்.

பிறகு கண்ணாடிக் கதவு. அதற்கு வெளியே வெக்கையும் சனமும். அங்கே கூட்டிப் போக வருகிறவர்கள் கட்டிடத்துக்கு வெளியேதான் நிற்பார்களாம். ஒருவர் வந்தால் குடும்பம் முழுக்கப் பூவோடு வந்து நிற்குமாம். ரக்சிக்காரர் சூழுவார்கள், தலையை மட்டும் ஆட்டுங்கள். நான் முதல் நாளே வந்து இடம் பார்த்து வைத்திருப்பேன். கதவுக்கு நேரே, கம்பித் தடுப்போடு ஒட்டி, மஞ்சள் சட்டையில் நிற்பேன். தலைமயிரைக் கட்டையாக வெட்டியிருக்கிறேன். போனில் தெரிவதை விட மெலிவு. ஏசுவதைத் தங்குகிற அறைக்குப் போய் ஏசலாம்.

கட்டுநாயக்காவில் அன்றைக்கு, தாயும் மகளுமாக நிற்கக் கூடாது என்று ஏஜென்சிக்காரன் சொன்னதால் நீங்கள் வேறு யாரையோ வழியனுப்ப வந்தவர் போலத் தூணுக்கு அப்பால் நின்றீர்கள். நெற்றியில் சிலுவை போடாமல் நீங்கள் என்னை வீட்டுப் படலை தாண்ட விட்டதில்லை. அன்று காலை வான்காரன் அவசரப்படுத்தியதில் "எயாப்போட்டிலை வைச்சுப் போடுறன்" என்றீர்கள். நான் திரும்பிப் பார்த்தபோது உங்கள் வலது கை பாதியில் எழும்பிப் பிறகு சேலைத் தலைப்பைச் சரிசெய்தது.

அதனால் ஒரு வேண்டுகோள். கதவால் வெளியே வந்ததும் பெட்டியை அப்படியே கீழே விடுங்கள், கை வெறுமையாக இருக்கட்டும். என்னைக் கண்டதும் அவ்வளவு சனத்துக்கு நடுவில் என் பெயரைச் சொல்லிச் சத்தமாகக் கூப்பிடுங்கள். யார் திரும்பிப் பார்த்தாலும் பரவாயில்லை. கிட்ட வந்து பேரென்ன என்று இன்னொரு முறை கேளுங்கள் அம்மா. இந்த முறை யோசிக்காமல் சொல்வேன்.

மடு மாதா உங்களை என் வரைக்கும் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உங்கள் மகள்,
செரீனா