உன் பெயரில் வந்த கவிதை

கூட்டுக்காரா,

என் கவிதைப் புத்தகம் வந்துவிட்டது. நாகர்கோவிலிலிருந்து பஸ்ஸில் போட்டுவிட்ட கட்டு, யாருடையதோ ஒரு மரச்சீனிக் கிழங்கு மூட்டையின்மேல் கிடந்து பாறசாலை வந்து சேர்ந்திருக்கிறது. பிரித்தால் அச்சு மை வாசனையைக் காணோம், கிழங்கில் ஒட்டிய ஈரமண் வாசனைதான் அடிக்கிறது. வேறு யார் ஞாபகம் வரும் எனக்கு? நீ கண்ணை மூடி மூன்று மழைக்காலம் ஆயிற்று. இந்தச் செய்தியை முதலில் கேட்க வேண்டியவன் நீ. வேறு வழியில்லாமல் எழுதிச் சொல்கிறேன்.

இருவரும் ஒன்றாக மலையாளம் படித்தவர்கள். நான் வீட்டில் வேதப்புத்தகத்தை வைத்துத் தமிழ் எழுத்தும் பழகிக்கொண்டேன். நீ நாள் முழுக்கத் தமிழில் பேசிக் கிழங்கு விற்பாய், ஒரு வரி வாசிக்க வராது. ஆனாலும் நான் எழுதியதெல்லாம் குன்னத்துகால் சந்தையில் உன் கிழங்குக் குவியலுக்குப் பக்கத்தில் கிடைத்ததுதான். பள்ளிக்கூடம் விட்டதும் அங்கே வந்து உட்கார்ந்து உன் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பேன். "எலே வாத்தியாரே, கெழங்கு வாங்க வந்தியா, எம் பேச்சைக் களவாங்க வந்தியா?" என்பாய்.

களவாண்டேன்தான். எல்லைப் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்த நேரம். நம் ஊர் தமிழ்ப் பக்கம் போகுமா, மலையாளப் பக்கம் போகுமா என்று சந்தையே இரண்டாக நின்று கத்தியது. நீ தராசைப் பிடித்தபடி சொன்னாய்: "வேலிக்கு அந்தப் பக்கம் நட்டாலும் கெழங்கு இந்தப் பக்கமும் வெளையும். அது எந்தச் சர்க்கார்கிட்ட கேட்டாக்கும் வேரு விடுது?" அதை அப்படியே கவிதையாக்கி, போராட்டக்காரர்களின் பத்திரிகை ஒன்றுக்கு அனுப்பினேன். சர்க்கார் பள்ளிக்கூட வேலை போய்விடுமே என்ற பயத்தில், உன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் உன் பெயரையும் ஊரையும் அடியில் போட்டேன். என்ன புத்தியோ எனக்கு! அச்சில் வந்ததைக் காட்டியபோது நீ கோபப்படவில்லை. "எம் பேரு எங்க இருக்கு, காட்டு" என்று கேட்டு, அந்த இடத்தில் விரலை வைத்துச் சிரித்தாய்.

நாலாம் நாள், யாரோ காட்டிக்கொடுத்து, போலீஸ் வந்து உன்னைக் கூட்டிக்கொண்டு போனது. ஓடிவந்த நான் ஸ்டேஷனுக்கு எதிரே சோடாக்கடையில் நின்றுவிட்டேன். உள்ளே போய் 'எழுதியது நான்' என்று சொல்லக் கால் எழவில்லை. சாயங்காலம் நீ வெளியே வந்தாய். இடது கன்னம் வீங்கியிருந்தது.

"நீயா எழுதினன்னு கேட்டானுவ. ஓ, நான்தான்னேன். சொல்லு பாப்பம்னானுவ. எம் பேச்சுதானே, நிறுத்தாம சொன்னேன்."

"அடிச்சானுவளா?"

"ரெண்டு அடியாக்கும். ஒனக்கு வேலை போனா ஒம் பிள்ளையள் என்னத்தத் திங்கும்? நான் கெழங்கு விக்கதை யாரு நிறுத்துவா? விடு மக்கா."

விட்டுவிட்டேன். அதுதான் என் லட்சணம். பிறகு எல்லை போட்டார்கள், நாம் கேரளத்தில் நின்றோம். நீ அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

இப்போது புத்தகத்தைத் தொகுத்தவர், அந்தக் கவிதைக்கு அடியில் இருந்த உன் பெயரைக் காட்டி, "அது உங்கள் புனைபெயர்தானே, எடுத்துவிடலாமா?" என்று கேட்டார். "அது ஒரு ஆளின் பெயர், இருக்கட்டும்" என்றேன். கட்டைப் பிரித்த கையோடு முதல் பிரதியை உன் மகளிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். உன் பெயர் இருந்த பக்கத்தைக் காட்டி, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். சோடாக்கடையையும் சொன்னேன்.

"அப்பாவுக்கு எடது காது கேக்காதே, மாமா. சின்னதில காய்ச்சல் வந்து போனதுன்னாக்கும் எங்ககிட்ட சொன்னது" என்றாள்.

சின்னதில் உனக்கு இரண்டு காதும் நன்றாகக் கேட்கும். வகுப்பில் உன் இடது பக்கம் இருந்து, சார் கேட்ட கேள்விக்கெல்லாம் உன் காதில் விடை ஓதியவன் நானல்லவா?

எத்தனை வருடம் சந்தையிலிருந்து சேர்ந்து நடந்திருக்கிறோம். "எலே, இந்தப் பக்கமா வா" என்று என்னை உன் வலது பக்கம் இழுத்துக்கொள்வாய். வண்டி வருகிறது என்று நினைத்துக்கொள்வேன். நான் சொல்வது காதில் விழவேண்டும் என்றுதான் இழுத்திருக்கிறாய். இன்றைக்கும் யாரோடு நடந்தாலும் என் கால் தானாக அவர்களுடைய வலது பக்கம் போய்விடுகிறது.