தொளதொளத்த நான்கு பேன்ட்டுகள்

மார்ச் 3, திங்கள்

மதியம் கடையில் மூக்குக்கண்ணாடிகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தபோது அவரிடமிருந்து போன். அடுத்த திங்கள் முதல் வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்களாம். இரைப்பையில் ஒரு பகுதியை வெட்டி எடுத்த நாளிலிருந்து இவ்வளவு உற்சாகமான குரலை நான் கேட்டதில்லை. லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிற மனிதரை நான்கு மாதம் வீட்டில் உட்கார வைத்தால் என்ன ஆகும்? எங்கள் மிக்ஸியை எத்தனை முறை கழற்றி மாட்டினார் என்று கணக்கே இல்லை. அது நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்தால் யூனிஃபார்ம் பேன்ட்டோடு கண்ணாடி முன் நிற்கிறார், இரண்டு கையாலும் இடுப்பைப் பிடித்தபடி. கையை எடுத்தால் அது கணுக்காலுக்கு வந்துவிடும். நான்கு பேன்ட்டும் அதே கதிதான். பெல்ட் போட்டால் ஆபரேஷன் தழும்பை அழுத்தும், கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். புது யூனிஃபார்ம் கேளுங்களேன் என்றேன். கேட்டால் எவ்வளவு இளைத்திருக்கிறார் என்று ஆபீஸுக்குத் தெரிந்துவிடுமாம், ஏணி ஏற விடாமல் மேஜையில் உட்கார வைத்துவிடுவார்களாம். முகத்தைப் பார்த்தாலே தெரியாதா என்று வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

மார்ச் 4, செவ்வாய்

அகலமான எலாஸ்டிக் வாங்கினேன். கடைக்காரர் "குழந்தைக்காம்மா?" என்றார். ஆமாம் என்றேன்.

மார்ச் 8, சனி

மாடி வீட்டிலிருந்து நாத்தனார், அவருடைய அக்கா, தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தார். அண்ணிக்குத் தம்பியைக் கிண்டல் பண்ணாமல் ஒரு வேலையும் ஓடாது. "இந்த பேன்ட்ல இன்னொரு ஆளுக்கும் இடம் இருக்குடா, வாடகைக்கு விடலாம்" என்றார். இவரும் சிரித்தார். சிரித்த மாதிரி காட்டினார் என்று சொல்ல வேண்டும்.

இடுப்புப் பட்டியின் உள்பக்கம், இரண்டு ஓரத்திலும் தையலைக் கொஞ்சம் பிரித்தோம். எலாஸ்டிக் முனையில் ஊக்கைக் குத்தி, முதுகுப் பக்கப் பட்டிக்குள் நுழைத்து, விரலால் தள்ளித் தள்ளி மறுபக்கம் எடுத்தோம். முதல் பேன்ட்டில் இந்த முனையைப் பிடித்துக்கொள்ள மறந்துவிட்டேன். அதுவும் சேர்ந்து உள்ளே போய்விட்டது. அண்ணி தலையில் அடித்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். இரண்டு முனையையும் இழுத்துத் தைத்ததும் பின்பக்கம் அழகாகச் சுருங்கிக்கொண்டது. முன்பக்கம் பழையபடியே இருந்தது. சட்டையை வெளியே விட்டால் ஒருவருக்கும் தெரியாது.

அளவு எடுத்தது நான். பயந்த அளவுக்கு இளைக்கவில்லை என்றது டேப். அப்பாடா! போட்டுப் பார்த்தார், கச்சிதமாக நின்றது. "போதும் போதும்" என்று அவசரமாக அறைக்குள் போய்விட்டார்.

அண்ணி போகும்போது ஒரு நன்றி சொல்லத் தோன்றவில்லை. இங்கே எழுதி வைக்கிறேன். ஆஸ்பத்திரியிலும் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது அண்ணிதான்.

மார்ச் 10, திங்கள்

போய்விட்டார். வேலைக்கு, சாப்பாட்டு டப்பாவோடு. தெருமுனை திரும்பும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

மார்ச் 12, புதன்

எப்படி எழுத? நான் கடையிலிருந்து வருவதற்கு முன்பே அவர் வீட்டில் இருக்கிறார். நாற்காலியில் சுவரைப் பார்த்து. இடுப்பில் யாருடையதோ ஒரு கோட் சுற்றிக் கட்டியிருக்கிறது. என்னாச்சு என்றேன். "உன் எலாஸ்டிக் மானத்த வாங்கிருச்சு" என்றார்.

பேன்ட்டை வாங்கிப் பார்த்தேன். தையல் விடவில்லை, எலாஸ்டிக் தளரவில்லை. அப்புறம் எப்படி? நான் அளந்தது தப்பா? கடையில் நாள் முழுக்க ஜனங்களுடைய கண்ணுக்கும் கண்ணுக்கும் நடுவே அளக்கிறவள், ஒரு இடுப்பைத் தப்பாக அளப்பேனா!

டேப்பை எடுத்துச் சுற்றினேன். சனிக்கிழமை எடுத்த அதே அளவு. சட்டென்று கடை ஞாபகம் வந்தது. அளக்கும்போது சில பேர் வேண்டுமென்றே கண்ணை அகல விரிப்பார்கள். நான் ஸ்கேலை எடுக்காமல் வேறு பேச்சுக் கொடுப்பேன். பேச்சில் மறந்து கண் தானாக இயல்புக்கு வரும், அப்போது அளப்பேன். இப்போதும் டேப்பைப் பிடித்தபடியே, பேன்ட் எப்படி விழுந்தது, சொல்லுங்க என்றேன்.

சொல்ல ஆரம்பித்தார். ஐந்தாவது மாடி. லிஃப்ட் மேல்கூரையின் தகட்டை இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டிருக்கிறார். பேன்ட் நழுவுகிறது, தகட்டை விட முடியாது. வாசலில் கடைப் பைகளோடு ஒரு அம்மா. அந்த அம்மா சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்களாம். சூப்பர்வைசர் ஓடிவந்து தன் கோட்டைக் கழற்றி இவர் இடுப்பில் கட்டி, வண்டியில் வீடு வரை கொண்டுவந்து விட்டிருக்கிறார். வழியெல்லாம் கிரிக்கெட் பற்றியே பேசினாராம்.

இதைச் சொல்லி முடிக்கும்போது என் கையில் டேப் தளர்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. அவர் வயிறு உள்ளே போயிருந்தது. அப்படி உள்ளே போயிருந்தது. அன்றைக்கு அளந்தபோது மூச்சைப் பிடித்து, வயிற்றைத் தள்ளிக்கொண்டு நின்றிருக்கிறார் மனுஷன் — இன்றைக்கும்தான். நான் பார்ப்பதை அவர் பார்த்தார்.

"எந்நேரமும் தள்ளிக்கிட்டே நிக்க முடியலடி" என்றார்.

பிறகு எல்லாம் வந்தது. சாப்பாடு இறங்குவதில்லை, அடைக்கிறது. நான் இல்லாதபோது குழாயைத் திறந்துவிட்டு வாந்தி எடுக்கிறார். டாக்டர் கேட்கும்போதெல்லாம் நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன். ஏங்க சொல்லல என்று கத்தினேன். ஆமாம், கத்தினேன். அழுதேன்.

"சொன்னா மறுபடியும் வயித்தத் திறப்பாங்க. இன்னொரு தடவ என்னால முடியாது."

மார்ச் 14, வெள்ளி

டாக்டரிடம் நான் வாயைத் திறக்கவில்லை. அவரே சொன்னார், தரையைப் பார்த்துக்கொண்டு, ஒன்று விடாமல். உள்ளே ஒட்டுப் போட்ட இடம் சுருங்கியிருக்கலாம் என்றார் டாக்டர். சிலருக்கு அப்படி ஆகுமாம். வாய் வழியே குழாய் விட்டுப் பார்த்து, அப்படியே அகலப்படுத்தினால் போதும். "கத்தியே வேண்டாம். ஆனா இன்னும் தள்ளிப் போட்டிருந்தீங்கன்னா கஷ்டமாகியிருக்கும்."

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். நானும் உட்கார்ந்தேன். இத்தனை நாள் அவர் தனியாகச் சுமந்த பயத்துக்கு இரண்டு வரியில் பதில் இருந்திருக்கிறது. கோபம் வரவேண்டிய இடம்தான். எனக்கு அந்த பேன்ட் மேல் அப்படி ஒரு நன்றி வந்தது. நல்லவேளையாக விழுந்தாய்.

மார்ச் 19, புதன்

குழாய் விட்டு அகலப்படுத்தியாயிற்று. சாயங்காலமே கஞ்சி குடித்தார். அடைக்கவில்லை. கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மார்ச் 22, சனி

அண்ணி மறுபடி மெஷினோடு. நான்கு பேன்ட்டிலும் தையலைப் பிரித்து எலாஸ்டிக்கை இன்னும் இழுத்துத் தைத்தோம். அளவெடுக்கும்போது அவர் முழு மூச்சையும் வெளியே விட்டு நின்றார். டேப்பைப் பார்த்த அண்ணிக்கு எந்தக் கிண்டலும் வரவில்லை. தம்பியின் முதுகைத் தட்டிவிட்டு மெஷினில் போய் உட்கார்ந்துகொண்டார்.

கோட்டைத் துவைத்து இஸ்திரி போட்டு சூப்பர்வைசர் வீட்டில் கொடுத்தேன். அழுதுவிடக் கூடாது என்று நினைத்துப் போனேன், நடக்கவில்லை. இவரை மேஜை வேலைக்கெல்லாம் மாற்றமாட்டார்களாம். கொஞ்ச நாளைக்கு ஏணியைப் பிடிக்க ஒரு ஆள் கூட வருவாராம். அந்தப் பைக்கார அம்மாவுக்கு எங்கே போய் நன்றி சொல்வது?

ஏப்ரல் 17, வியாழன்

வேலைக்குப் போக ஆரம்பித்து மூன்று வாரம். எடை கொஞ்சம் ஏறியிருக்கிறது. நடுவில் இரண்டு நாள் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை, பிறகு சரியானது.

இன்று காலை அவர் ஷூ மாட்டிக்கொண்டிருக்கும்போது வழக்கம்போல், எப்படி இருக்கு என்றேன். எப்போதும்போல நல்லா இருக்கேன் என்பார் என்று, பதிலுக்குக் காத்திராமல் அடுப்பைப் பார்க்கத் திரும்பிவிட்டேன்.

"இன்னிக்கு முடியல" என்றார். "நீயும் லீவு போடேன்."

கடைக்கு போன் பண்ணினேன். என்ன விஷயம் என்று முதலாளி கேட்டார். வீட்டில் அவருக்கு உடம்பு சரியில்லை என்றேன். அப்படியா, ஏன் இவ்வளவு சந்தோஷமாகச் சொல்கிறீர்கள் என்றார்.