மேசைக்கு அடியில் இருந்த கை

அன்புள்ள வாயாடிக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் நன்றாக இருக்கிறேன், அப்பா எழுந்து நடமாடுகிறார், நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்பிக்கொண்டு ஆரம்பிக்கிறேன். போனில் சொல்லாமல் எழுதுகிறாளே என்று பதறாதே. போன் என்றால் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து என் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அப்பாவின் சர்க்கரைக்கு மாத்திரை போதும் என்ற தைரியத்தில்தான் நீ ஊரை விட்டு வேலைக்குக் கிளம்பினாய். நீ போன சில மாதத்திலேயே சர்க்கரை மாத்திரைக்கு அடங்கவில்லை, டாக்டர் இன்சுலினுக்கு மாற்றிவிட்டார். இரண்டு ஊசி, பார்க்கப் பேனா மாதிரி இருக்கும். சாப்பாட்டுக்கு முன்னால் ஆரஞ்சு பட்டன் வைத்தது, அது சர்க்கரையைச் சட்டென்று இறக்கும். படுக்கும்முன் பச்சை பட்டன், அது விடிய விடிய மெதுவாக வேலை செய்யும், அளவும் அதிகம். அவகிட்ட சொன்னா வேலையை விட்டுட்டுப் பெட்டியைத் தூக்கிட்டு வந்து நிப்பா, நீ சும்மா இரு என்று என் வாயை அடைத்தார், நானும் அடைத்துக்கொண்டேன். நீ கூப்பிடும் நேரமும் அவர் படுக்கும்முன் பச்சை ஊசி போடும் நேரமும் ஒன்று. போனைத் தண்ணீர்ப் பாட்டிலில் சாய்த்துவைத்து, உன் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல், இரண்டு ஊசியையும் ஒளித்துவைத்திருந்த பழைய மூக்குக்கண்ணாடிக் கூட்டிலிருந்து ஒன்றைத் தடவி எடுத்து, மேசைக்கு அடியிலேயே பட்டனைத் திருகி டிக் டிக் என்ற சத்தத்தை எண்ணி அளவு வைத்து, வயிற்றில் குத்திக்கொள்வார், முகம் கொஞ்சம்கூடச் சுளிக்காது. என்னப்பா சத்தம் என்று நீ ஒருநாள் கேட்டாய், கடிகாரம்மா என்றார். நம் வீட்டுக் கடிகாரம் ஓடி எத்தனை காலம் ஆயிற்று!

போன வாரம் உன் மேனேஜர் மாதிரி நடித்துக் காட்டினாயே, அப்பா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாரே, அந்தச் சிரிப்புக்கு நடுவில் அவர் போட்டுக்கொண்டது ஆரஞ்சு ஊசி, அதுவும் பச்சைக்கு உண்டான அளவு. அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அன்று ராத்திரி தலையணை ஈரம் பட்டு விழித்தேன், அவர் உடம்பெல்லாம் வியர்வை. எழுப்பினால், யாருங்க நீங்க, என்ன வேணும் என்று என்னைக் கேட்டார். கல்யாணம் ஆனதிலிருந்து எனக்கு ஒரு 'ங்க' போட்டதில்லை அந்த மனுஷன். அடுத்து கைகால் வெட்டி இழுத்தது. சர்க்கரைத் தண்ணீரோடு ஓடினேன், சத்தம் கேட்டு ஏறி வந்த கீழ்வீட்டு நர்ஸக்கா, வாயில ஊத்தாதீங்க, மூச்சுக்குழாய்க்குப் போயிடும் என்று தம்ளரைத் தட்டிவிட்டு அவரைப் பக்கவாட்டில் புரட்டிப் படுக்கவைத்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். கண்ணாடிக் கூட்டைத் திறந்து பார்த்து என்ன நடந்தது என்று கண்டுபிடித்ததும் அவள்தான். ஆஸ்பத்திரியில் அவருக்கு நினைவு வந்தபின் டாக்டர், பாத்துப் போட மாட்டீங்களா சார் என்றார். பொண்ணைப் பாத்துட்டு இருந்தேன் என்றார் உன் அப்பா.

இப்போது இரண்டு ஊசியும் என்னிடம்தான். விளக்கடியில் பட்டனைப் பார்த்து, பெயரை வாய்விட்டுப் படித்துவிட்டுத்தான் அவர் கையில் கொடுக்கிறேன். ஆனாலும் விளக்கை அணைத்ததும் என் கை தானாக அவர் நெற்றிக்குப் போகிறது. அவர் தூங்குவதுபோல் கிடக்கிறார், நானும் அப்படியே. சில சொற்கள் அவருக்கு இன்னும் சட்டென்று வாயில் வரவில்லை, நேற்று சாவியைக் காட்டிவிட்டுப் பேர் தெரியாமல் நின்றார். போகப் போகப் பார்க்கலாம் என்கிறார் டாக்டர். உன்மேல் பழிபோட எழுதவில்லையடி. நீ சிரிக்கவைத்தது தப்பில்லை, நாங்கள் ஒளித்ததுதான் தப்பு. இனி ஒளிக்க எனக்குத் தெம்பில்லை. விழுந்தடித்து ஓடி வராதே. வந்தால் அவர் பயந்தது சரிதான் என்றாகிவிடும், அடுத்ததை என்னிடமிருந்தும் ஒளிப்பார்.

நோய்நொடி அண்டாமல், மனம் நோகாமல் நீ நெடுநாள் இருக்கவேண்டும். ஒன்றை மறக்காதே. இது கிடைத்தபின் கூப்பிடும்போது அழாதே, அவரைத் திட்டாதே. கையை மேலே வைங்கப்பா, எந்த ஊசின்னு காட்டுங்க என்று மட்டும் சொல். பச்சைதான் என்று நீயும் பார். போட்டு முடிக்கட்டும், அப்புறம் அந்த மேனேஜரை நடித்துக் காட்டு.

உன்,
அம்மா