அசையாத கோழி

25 ஆகஸ்ட் 1991, ஞாயிறு

பித்தளைச் செம்பு, இரண்டு கத்தரிக்காய், செத்த அணில் ஒன்று. செம்பு நன்றாக வந்தது. கத்தரிக்காய் பரவாயில்லை. அணில் பஞ்சு அடைத்த பொம்மையாகிவிட்டது.

மதியம் டில்லிபாபு மாடியறைக்கு வந்தான். படத்தைப் பார்த்துவிட்டு, "கலர் போட்டோ மாதிரியே கீதுப்பா" என்றான். பாராட்டுகிறானாம். ஒன்பது வருடமாக அவனும் நானும் ஒரே கம்பெனியில் அடுத்தடுத்த டிராயிங் போர்டில் உட்கார்ந்து, இரும்புத் துண்டுகளுக்கு முன்பக்கத் தோற்றம், பக்கவாட்டுத் தோற்றம் போட்டுக்கொண்டிருக்கிறோம். அவனுக்குக் கோடு போடத் தெரியும். பார்க்கத் தெரியாது. இந்தச் சுங்குவார்சத்திரத்தில் கண்ணை உபயோகிப்பவர்கள் லாரி டிரைவர்கள் மட்டும்தான், அதுவும் ரோட்டைப் பார்க்க.

27 ஆகஸ்ட், செவ்வாய்

மெட்ராஸ் கண்காட்சியிலிருந்து விண்ணப்பம் வந்திருக்கிறது. செப்டம்பர் முப்பதுக்குள் படத்தைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். மூன்று வருடமாகத் திருப்பி அனுப்புகிறார்கள். போன வருடம் கூடவே ஒரு துண்டுச் சீட்டும்: "நுட்பம் உண்டு, உயிர் இல்லை." எழுதிய மகானுக்குத் தூரிகையின் எந்த முனை மேலே என்று தெரியுமோ என்னவோ.

ஆனால் அந்தச் சீட்டை நான் கிழித்துப் போடவில்லை. ஏன்?

இந்தத் தடவை உயிருள்ளதையே வைத்து வரைகிறேன். இதுவும் திரும்பி வந்தால் பெட்டியை மூடிவிட வேண்டியதுதான். நாற்பத்து நான்கு வயதாகிறது.

1 செப்டம்பர், ஞாயிறு

கீழே வீட்டுக்கார மரகதம் பதினான்கு கோழி வளர்க்கிறாள். ஒன்றைக் கொஞ்ச நேரத்துக்குக் கேட்டேன். சிரித்தாள். "கோழி குந்திகினு போஸ் குடுக்குமா சார்?" பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, "பாத்து சார். ஐப்பசில எம் பொண்ணு சசிகலா மொத பிரசவத்துக்கு வர்றா. அவளுக்குச் சாறு வெச்சிக் குடுக்கத்தான் இத்தினியும். ஒண்ணு கொறஞ்சாலும் எனக்குத் தெரிஞ்சிடும்" என்றாள். தினமும் விளக்கு வைக்கும் நேரத்தில் எண்ணி அடைக்கிறாள். அவளுடைய கணக்குப் பாடம் பதினான்கோடு முடிகிறது.

வெள்ளைக் கோழி ஒன்றின் காலைக் கட்டிலில் கட்டி வைத்தேன். டர்பன்டைன் புட்டியைக் கவிழ்த்தது, வண்ணத்தட்டை மிதித்தது, கயிற்றோடு படியில் விழுந்து ஓடியது. வீடு பூராவும் நீலக் கால் தடம். மரகதத்தின் புருஷன் சின்னப்பையன் நைட் ஷிப்ட் தூக்கம் கலைந்து எழுந்து வந்து ஒரு பாட்டு பாடிவிட்டுப் போனார். கோழிக்குப் பொறுமை இல்லை, மனிதர்களுக்கும் இல்லை.

3 செப்டம்பர், செவ்வாய்

கிடைத்துவிட்டது.

காலையில் மாடிப்படியின் நிழலில் புள்ளிக்கோழி ஒன்று தனியாக உட்கார்ந்திருந்தது. தூக்கினேன், திமிறவில்லை. செம்புக்குப் பக்கத்தில் வைத்தேன், அப்படியே இருந்தது. ஒரு மணி நேரம். இரண்டு மணி நேரம். இந்த ஊரில் எனக்கு ஒத்துழைத்த முதல் ஜீவன்.

ஆபீசுக்கு லீவு லெட்டர் கொடுத்தனுப்பினேன். காரணம், வயிற்றுப்போக்கு. பாண்டுரங்கன் நம்புவார். அந்த மனிதர் டைப் அடித்துக் கொடுத்தால் எதையும் நம்புகிற செக்‌ஷன் ஹெட்.

சாயங்காலம், மரகதம் நடவு முடிந்து வருவதற்குள் நானே கொண்டுபோய்க் கூண்டில் மற்றவற்றோடு விட்டேன். எண்ணிப் பார்த்தாள். பதினான்கு.

4 செப்டம்பர், புதன்

மறுபடியும் அதே இடம், அதே வெளிச்சம். இறகெல்லாம் உப்பி, உடம்பு ஒரு பெரிய மென்மையான உருண்டையாகியிருக்கிறது. நேற்றைவிட அழகு. இறக்கை இரண்டும் தளர்ந்து தரையைத் தொடுகின்றன. அந்தக் கோடு எனக்குச் சுலபத்தில் கிடைக்காது, கிடைத்தது. கண்ணை மூடிக்கொள்கிறது, மெல்லத் திறக்கிறது. முன்னால் அரிசி போட்டேன். தொடவில்லை. நல்லதுதான், தலையைக் குனிந்தால் நிழல் மாறிவிடும்.

தரையில் எச்சம், வெள்ளையும் பச்சையுமாக. துடைக்கப் போனவன் நிறுத்திவிட்டேன். பழுப்பு நிறங்களுக்கு நடுவே அந்தப் பச்சை வேண்டும். வெள்ளையில் விரிடியன் பச்சை ஒரு துளி. கச்சிதம்.

மரகதம் சேற்றுக் காலோடு வாசலில் நின்று கேட்டாள்: "கோழிங்க நல்லா மேயுதா சார்? நான் இருட்டோட பூடுறேன், ஒண்ணும் கண்ணுல படறதில்ல."

"நன்றாக இருக்கின்றன" என்றேன்.

5 செப்டம்பர், வியாழன்

முடிந்தது. பெயர் "ஓய்வு".

இதில் உயிர் இல்லை என்று இனி எந்த மடையன் சொல்கிறான் பார்க்கலாம்.

9 செப்டம்பர், திங்கள்

புள்ளிக்கோழி சனிக்கிழமை செத்துப்போனது. இன்று காலை கூண்டுக்குள் இன்னும் நான்கு செத்துக் கிடந்தன. மரகதம் வேலைக்குப் போகவில்லை. வெங்காயமும் மஞ்சளும் அரைத்து ஒவ்வொன்றின் வாயையும் திறந்து ஊட்டிக்கொண்டிருக்கிறாள்.

11 செப்டம்பர், புதன்

கால்நடை மருந்தகத்துக் கம்பவுண்டர் ரத்தினம் சைக்கிளில் வந்தார். அவர் வருவதற்குள் பதினொன்று போய்விட்டன. சின்னப்பையன் கொல்லையில் குழி வெட்டிக்கொண்டிருந்தார். ரத்தினம் மரகதத்திடம் சொன்னதை நான் படியில் நின்று கேட்டேன்.

"வெள்ளைக்கழிச்சல்மா. மொத கோழியப் பாத்தவுடனே பிரிச்சி வெச்சிருந்தா பாதியாவது தங்கியிருக்கும். பாத்தாலே தெரியுமே. எர எடுக்காது, றெக்கயத் தொங்கப் போட்டுகினு ஒரே எடத்துல குந்திகினு இருக்கும். வெள்ளையும் பச்சையுமா கழியும்."

"நான் பகல்ல வூட்டுல இருந்தாத்தானே" என்றாள் மரகதம்.

மேலே வந்து படத்தின் மேல் ஒரு வேட்டியைப் போட்டு மூடினேன். ஈர வண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும் என்பதுகூட அப்போது தோன்றவில்லை. பிறகு எடுத்துச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன்.

12 செப்டம்பர்

மிச்சம் மூன்றும் போயின. நான் எதுவும் சொல்லவில்லை.

22 செப்டம்பர், ஞாயிறு

கோழி எப்படியும் சாகத்தான் போகிறது. சாறு வைக்கத்தானே வளர்த்தாள்? நான் என்ன விஷமா வைத்தேன்? கோழி வைத்தியம் டிராஃப்ட்ஸ்மேனுக்கு எப்படித் தெரியும்?

நன்றாகத்தான் வாதாடுகிறேன். வக்கீலாகப் போயிருக்கலாம்.

28 செப்டம்பர், சனி

வெள்ளை வண்ணம் இன்னும் காயவில்லை. காகிதத்தில் சுற்றினால் ஒட்டிக்கொள்ளும். படம் வெளிப்பக்கம் தெரியத்தான் தூக்கிக்கொண்டு போக வேண்டும். மரகதம் வயலுக்குப் போயிருப்பாள் என்று நினைத்து ஏழு மணிக்கு இறங்கினேன். வாசலில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

நிமிர்ந்து பார்த்தாள். எழுந்து கிட்டே வந்தாள். சாம்பல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தாள். என் படத்தை இவ்வளவு நேரம் யாரும் பார்த்ததில்லை.

"இது எப்போ வரைஞ்சது சார்?"

"மாச ஆரம்பத்தில், செவ்வாய், புதன், வியாழன்…"

"செவ்வாக்கெழமையே இப்டித்தான் குந்திகினு இருந்துதா?"

படத்தை அடுத்த கைக்கு மாற்றிக்கொண்டேன்.

"றெக்கயத் தொங்கப் போட்டுகினு கீது. அரிசி அப்டியே கெடக்குது. எச்சத்தக்கூட வுடாம போட்டுகீறீங்க." படத்திலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தாள். "மூணு நாளு உத்து உத்து பாத்துகினு இருந்தீங்களே சார். ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? நான் கேட்டேனே."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். திரும்பிப் போய்ப் பாத்திரம் தேய்க்க உட்கார்ந்துவிட்டாள்.

பஸ் வந்தது. நான் ஏறிவிட்டேன். அதுதான் நான். படத்தைக் கொடுத்து ரசீது வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

எச்சத்துக்குக் கலர் கலந்தேனே, கலர். அது என்னன்னு ஒரு நிமிஷம் யோசிச்சேனா? டில்லிபாபுவுக்குக் கண்ணு இல்லையாம். எனக்கு இருந்து என்ன கிழிச்சேன்? இவளுக்குத் தெரிந்தது. அதுவும் செத்து மூன்று வாரம் ஆன கோழியை, படத்தில் பார்த்து.

19 அக்டோபர், சனி

தேர்வாகியிருக்கிறது. கடிதத்தை நான்கு தடவை படித்தேன். சொல்லிக்கொள்ள ஆளில்லை.

2 நவம்பர், சனி

சசிகலாவுக்குப் பெண் குழந்தை. சின்னப்பையன் கறிக்கடையிலிருந்து ஒரு வெள்ளைப் பிராய்லர் கோழி வாங்கி வந்தார். "ஊசி போட்டு ஊதினத பெத்தவளுக்குக் குடுப்பாங்களா?" என்று மரகதம் கேட்டது மாடிவரை கேட்டது. எனக்குக் கேட்கட்டும் என்று சொல்லவில்லை. நான் இருப்பதாகவே அவள் நினைப்பதில்லை.

9 நவம்பர், சனி

கண்காட்சி. நல்ல சுவர், நல்ல விளக்கு. ஜரிகை வேட்டிக்காரர் ஒருவர் என் படத்தின் முன் நின்று பக்கத்திலிருந்த அம்மாளிடம், "எவ்வளவு அமைதி பாருங்கள். மத்தியானத் தூக்கம்" என்றார். அந்த அம்மாளும் தலையை ஆட்டினாள். மூன்று வருடமாக இந்த வார்த்தைக்குத்தான் காத்திருந்தேன்.

"தூக்கம் இல்லை சார், கோழிக்குச் சீக்கு" என்றேன்.

நான் ஏதோ தமாஷ் பண்ணுவதாக நினைத்து இருவரும் சிரித்தார்கள். கழுத்தில் கண்ணாடியைத் தொங்கவிட்டுக்கொண்டு திரிகிற குருடர்கள். நானும் போட்டிருக்கிறேன் ஒன்று.

1 டிசம்பர், ஞாயிறு

படத்தைத் திரும்பக் கொண்டுவந்தேன். மரகதம் பேத்தியைக் காலில் போட்டுக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு மாதத்தில் முதல் பேச்சு:

"எங்க மாட்டப் போறீங்க?"

"கட்டிலுக்கு அடியில்."

"அங்க வெச்சி யாரு பாக்கறது? ரத்தினத்துகிட்ட குடுங்க. ஆஸ்பத்திரியில மாட்டட்டும். பாக்கறவங்க பாத்து தெரிஞ்சிக்கட்டும்."

என் படம், மெட்ராஸில் தொங்கிய படம், மாட்டு மூத்திரம் நாறுகிற ஓட்டுக் கட்டடத்தில். ஒரு பதில் நாக்கு வரை வந்தது. குழந்தை தும்மியது. "சரிம்மா" என்றேன்.

8 டிசம்பர், ஞாயிறு

கடைப் பலகை எழுதுகிறவர்களை இதே நோட்டில் எத்தனை தடவை கேலி பண்ணியிருக்கிறேன். இன்று எனாமல் பெயின்ட் வாங்கி வந்து, படத்தின் அடியில் பெரிய எழுத்தில் எழுதினேன்: "கோழி இப்படி உட்கார்ந்தால் உடனே பிரித்து வை." "ஓய்வு" என்ற சீட்டைப் பிய்த்தேன். முதல் வரி கோணலாகிவிட்டது. பலகைக்காரர்கள் என்னைவிட நன்றாக எழுதுவார்கள்.

16 டிசம்பர், திங்கள்

ஆபீஸ் போகும் வழியில் மருந்தகத்துக்குள் எட்டிப் பார்த்தேன். படம் நேராகத் தொங்குகிறதா என்று பார்க்கத்தான், வேறொன்றுமில்லை.

கூடையில் கோழியோடு ஒரு பெண் நின்றிருந்தாள். எழுதியிருப்பதை அவள் படிக்கவில்லை, படிக்கத் தெரியாது போலும். படத்தைப் பார்த்தாள், கூடைக்குள் பார்த்தாள், மறுபடி படத்தைப் பார்த்தாள். ரத்தினம் என்னைக் காட்டி, "இவருதான் போட்டது" என்றார்.

யார் சொல்லிக் கொடுத்தது, எத்தனை நாள் ஆனது, எவ்வளவுக்குப் போகும், இவைதான் இதுவரை என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகள். அவள் கேட்டாள்:

"இந்தக் கோழி பொழச்சிதா சார்?"

"இல்லம்மா" என்றேன். "நான் சொல்லியிருந்தா மத்ததாவது பொழச்சிருக்கும்."

அவள் முந்தானையால் கூடையை மூடிக்கொண்டு ரத்தினத்திடம் போனாள்.